ரெட் சாக்ஸின் பழைய ஆட்டங்கள்: 1975, 1986, 2004 – முதலில் எதைப் பார்ப்பது?

அமெரிக்க பேஸ்பால் அணியான பாஸ்டன் ரெட் சாக்ஸை இந்த சீசனில்தான் பார்க்கத் தொடங்கியவர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "எல்லாரும் பழைய ஆட்டம், பழைய ஆட்டம் என்கிறார்கள். முழுசாக ஒன்று பார்க்கலாம் என்று இருக்கிறேன். எதைப் பார்க்க?" சனிக்கிழமை ராத்திரி நான்கு மணி நேரம் கையில் இருக்கிறது. அமெரிக்காவின் முதன்மை பேஸ்பால் அமைப்பான எம்எல்பியின் யூடியூப் சேனலில் பழைய ஆட்டங்கள் அன்றைய ஒளிபரப்பு அப்படியே கிடைக்கின்றன. மூன்று பெயர்கள் திரும்பத் திரும்ப வரும்: 1975 உலகத் தொடரின் (அமெரிக்கன் லீக், நேஷனல் லீக் சாம்பியன்கள் மோதும், ஏழு ஆட்டம் வரை போகும் இறுதித் தொடர்) ஆறாவது ஆட்டம், 1986 உலகத் தொடரின் ஆறாவது ஆட்டம், 2004 அமெரிக்கன் லீக் இறுதித் தொடரின் நான்காவது ஆட்டம்.

மூன்றுமே கூடுதல் இன்னிங்ஸ் வரை இழுத்த ஆட்டங்கள். தவறான ஒன்றில் தொடங்கினால் பாதியில் மூடி வைத்துவிடுவீர்கள். அந்த அனுபவத்தைச் சொன்னவர்கள் நிறைய.

## எதை வைத்து எடை போடுவது

முதலாவது, முன்கதை தெரியாமல் ரசிக்க முடியுமா. இரண்டாவது, நேரம், கடிகார நேரம் மட்டுமல்ல, ஆட்டத்தின் ஓட்டமும். மூன்றாவது, முடிவு தெரிந்திருந்தாலும் ஆட்டம் தாங்குமா. இந்த மூன்று ஆட்டங்களின் முடிவும் உங்கள் கண்ணில் ஏற்கெனவே பட்டிருக்கும், அதைத் தவிர்க்க வழியில்லை. நான்காவது, அடுத்த நாள் காலையில் மனசு எப்படி இருக்கும். இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஐந்தாவதுதான் எனக்கு முக்கியம்: லைன்அப். பேஸ்பாலில் ஒன்பது பேரின் வரிசையை மேனேஜர் ஆட்டத்துக்கு முன்பே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். நடுவில் ஒருவரை எடுத்துவிட்டு இன்னொருவரை இறக்கலாம். ஆனால் வெளியே போனவர் அன்றைக்கு மறுபடி உள்ளே வர முடியாது. மேனேஜர் ஒவ்வொரு முறை பெஞ்சைத் திரும்பிப் பார்க்கும்போதும் அவர் செய்வது திருப்பி எடுக்க முடியாத ஒரு செலவு. இந்த மூன்று ஆட்டங்களும் அப்படி ஒரு மாற்றத்தில்தான் திரும்பின. ஒன்றில் மட்டை பிடிக்க ஒருவரை அனுப்பினார்கள். ஒன்றில் அனுப்ப வேண்டியவரை அனுப்பவில்லை. ஒன்றில் ஓட மட்டும் ஒருவரை அனுப்பினார்கள்.

அதனால் எதைப் பார்த்தாலும் ஒரு தாளில் இரண்டு அணிகளின் ஒன்பது பெயர்களையும் வரிசையாக எழுதி வைத்துக்கொண்டு உட்காருங்கள். யாராவது மாறினால் பழைய பெயரை அடித்துவிட்டுப் பக்கத்தில் புதிய பெயரை எழுதுங்கள். ரெட்ரோஷீட், பேஸ்பால் ரெஃபரன்ஸ் தளங்களில் முழு விவரமும் இருக்கிறது. ஆனால் ஆட்டம் முடியும் முன் அங்கே போகாதீர்கள்.

| | 1975 | 1986 | 2004 |
|---|---|---|---|
| தேதி | அக்டோபர் 21 | அக்டோபர் 25 | அக்டோபர் 17 |
| மைதானம் | ஃபென்வே பார்க், பாஸ்டன் | ஷே ஸ்டேடியம், நியூயார்க் | ஃபென்வே பார்க், பாஸ்டன் |
| எதிரணி | சின்சினாட்டி ரெட்ஸ் | நியூயார்க் மெட்ஸ் | நியூயார்க் யாங்கீஸ் |
| முடிவு | வெற்றி 7–6, 12 இன்னிங்ஸ் | தோல்வி 5–6, 10 இன்னிங்ஸ் | வெற்றி 6–4, 12 இன்னிங்ஸ் |
| நீளம் | சுமார் 4 மணி நேரம் | சுமார் 4 மணி நேரம் | 5 மணி 2 நிமிடம் |
| திருப்பிய மாற்றம் | பெர்னி கார்போ உள்ளே | பில் பக்னர் வெளியே வரவில்லை | டேவ் ராபர்ட்ஸ் உள்ளே |
| முன்கதை | தேவையில்லை | கொஞ்சம் | நிறைய |
| பிறகு | ஏழாவது ஆட்டத்தில் தோல்வி | ஏழாவது ஆட்டத்தில் தோல்வி | 86 வருடம் கழித்துக் கோப்பை |

## 1975: எதுவும் தெரியாமல் உட்காரலாம்

மழை மூன்று நாள் தள்ளிப்போட்ட ஆட்டம் இது. தொடரில் ரெட்ஸ் 3–2 என்று முன்னிலை. பாஸ்டன் தோற்றால் எல்லாம் முடிந்தது. தெரிந்துகொள்ள வேண்டிய முன்கதை அவ்வளவுதான்.

தாளில் எழுத வேண்டிய பாஸ்டன் வரிசை: செசில் கூப்பர், டென்னி டாயில், கார்ல் யாஸ்ட்ரெம்ஸ்கி, கார்ல்டன் ஃபிஸ்க், ஃப்ரெட் லின், ரிக்கோ பெட்ரோசெல்லி, டுவைட் எவன்ஸ், ரிக் பர்ல்சன், ஒன்பதாவதாக பிட்சர் (பந்து வீசுபவர்) லூயிஸ் டியான்ட். அந்த உலகத் தொடரில் பிட்சருக்குப் பதிலாக மட்டை பிடிக்கும் டிஎச் கிடையாது. பிட்சரே மட்டையையும் தூக்க வேண்டும். இந்த விதியை நினைவில் வையுங்கள், எட்டாவது இன்னிங்ஸில் தேவைப்படும். ஜிம் ரைஸ் பெயர் இல்லையே என்று கேட்பீர்கள். கை எலும்பு முறிந்து அவர் வெளியே. எதிரில் ரோஸ், கிரிஃபி, மார்கன், பெஞ்ச், பெரஸ், ஃபாஸ்டர், கான்செப்சியான், ஜெரோனிமோ. இந்த எட்டுப் பேரும் ஒரே வரிசையில் இறங்கியதைப் பார்ப்பதற்காகவே ஒரு ராத்திரியைக் கொடுக்கலாம்.

முதல் இன்னிங்ஸிலேயே லின் மூன்று ரன் ஹோம் ரன் அடிக்கிறார். ஐந்தாவதில் கிரிஃபி அடித்த பந்தைத் துரத்திப்போய் அதே லின் சுவரில் மோதி அப்படியே சரிந்து விழுகிறார். மைதானம் மொத்தமும் வாயடைத்துப்போவது அந்தப் பழைய ஒலிப்பதிவிலேயே தெரியும். 3–3. அப்புறம் 5–3, எட்டாவதில் ஜெரோனிமோவின் ஹோம் ரன்னோடு ரெட்ஸ் 6–3. டியான்ட் வெளியே போகிறார், ரோஜர் மொரே வந்து இன்னிங்ஸை முடிக்கிறார்.

பாஸ்டனின் எட்டாவது இன்னிங்ஸ். இரண்டு பேர் பேஸில், இரண்டு அவுட். அடுத்து மட்டை பிடிக்க வேண்டியவர் பிட்சர் மொரே. அவருக்குப் பதில் பெர்னி கார்போ வருகிறார். ரெட்ஸ் அணி 1965இல் தன் முதல் தேர்வாக எடுத்த பையன் இவர். ஜானி பெஞ்சையே அதற்கு அடுத்த சுற்றில்தான் எடுத்தார்கள். இப்போது அதே பெஞ்ச் கேட்சராக அவர் காலடியில் குந்தியிருக்கிறார். ராலி ஈஸ்ட்விக் வீசிய ஒரு பந்தை கார்போ எப்படியோ ஒப்புக்குத் தட்டி ஃபவுல் ஆக்குகிறார். கத்தியால் காய் நறுக்குவதுபோல ஒரு தட்டு, அவ்வளவு மோசம். வீடியோவை அங்கே நிறுத்திப் பாருங்கள். அதற்கு அடுத்த பந்து நடு ஃபீல்டு இருக்கைகளில் போய் விழுகிறது. 6–6.

இந்த மாற்றத்தின் பலன் அதோடு முடியவில்லை. கார்போ இடது ஃபீல்டில் நின்றதால் யாஸ்ட்ரெம்ஸ்கி முதல் பேஸுக்கு வந்தார். பதினொன்றாவது இன்னிங்ஸில் ஜோ மார்கன் அடித்த பந்து வலது ஃபீல்டு இருக்கைகளுக்குப் போகிற மாதிரி பறந்தது. எவன்ஸ் பின்னால் ஓடி எம்பிப் பிடித்தார். பந்து போய்விட்டது என்றே நினைத்து கிரிஃபி ஓடிவிட்டிருந்தார். எவன்ஸ் திருப்பி எறிந்தது நேராக வரவில்லை. யாஸ்ட்ரெம்ஸ்கி விலகிப்போய்ப் பிடித்து, முதல் பேஸை மூட ஓடிவந்த பர்ல்சனுக்குக் கொடுத்தார். இரண்டு அவுட். உங்கள் தாளில் கார்போவின் பெயரிலிருந்து இந்தப் பந்துவரை ஒரு கோடு இழுக்கலாம்.

பன்னிரண்டாவதில் பாட் டார்சி வீசிய இரண்டாவது பந்து. ஃபிஸ்க் அடித்தது இடது ஓரத்தில் ஃபவுல் கம்பத்தை நோக்கிப் போகிறது. அவர் ஓடாமல், இரண்டு கையாலும் பந்தை உள்ளே உள்ளே என்று தள்ளுகிறார். கம்பத்தில் பட்டது, ஹோம் ரன். மணி நள்ளிரவு 12:34. அந்தக் காட்சியைப் பிடித்த கேமரா, 37 அடி உயரப் பச்சைச் சுவரின் ஸ்கோர்போர்டுக்குள் இருந்தது. உள்ளே இருந்த கேமராக்காரர் பந்தைத் தொடரவில்லை, ஃபிஸ்க்கையே பிடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஓர் எலி இருந்ததால் அவர் அசையவில்லை என்று சொல்வார்கள். ஆட்டக்காரரின் முகத்தையும் உடம்பையும் தேடிக் கேமரா போகும் பழக்கத்துக்கு அந்த ராத்திரியை ஒரு தொடக்கமாகவே சொல்கிறார்கள்.

மறைமுகச் செலவு: படம் மங்கல். இன்றைய ஒளிபரப்புபோல ஸ்கோர் எப்போதும் திரையில் நிற்காது, எத்தனை அவுட் என்பதை நீங்களேதான் எண்ண வேண்டும். தாளும் பென்சிலும் இங்கே வசதிக்காக அல்ல, இல்லாமல் முடியாது. இன்னொன்று, அடுத்த நாள் ஏழாவது ஆட்டத்தில் ரெட்ஸ் 4–3 என்று வென்று கோப்பையை எடுத்துக்கொண்டுபோனார்கள். அன்றிரவே அடுத்த ஆட்டத்தையும் தேடிப் போகாதீர்கள்.

பேஸ்பால் விதிகள் ஓரளவு தெரியும், அணியின் வரலாறு தெரியாது என்றால் இதுதான் உங்களுக்கு. வீட்டில் பேஸ்பாலே தெரியாத ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பார்ப்பதற்கும் இதுதான்.

## 1986: தனியாக, முழுசாக

இந்த ஆட்டத்தில் எல்லாருக்கும் தெரிந்தது ஆறு விநாடி. மூக்கி வில்சன் தட்டிய பந்து முதல் பேஸ் ஓரமாக மெல்ல உருண்டு பில் பக்னரின் கால்களுக்கு நடுவே போகிறது, ரே நைட் ஓடிவந்து வெற்றி ரன்னை எடுக்கிறார். அந்த ஆறு விநாடியை மட்டும் பார்த்தவர்கள் பக்னருக்கு இருபது வருடத்துக்கு மேல் செய்தது பெரிய அநியாயம். முழு ஆட்டத்தையும் பார்க்கச் சொல்வதற்கு எனக்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டாம்.

வரிசை: வேட் பாக்ஸ், மார்ட்டி பேரட், பக்னர், ஜிம் ரைஸ், டுவைட் எவன்ஸ், ரிச் கெட்மன், டேவ் ஹெண்டர்சன், ஸ்பைக் ஓவன், ரோஜர் கிளமென்ஸ். எழுதும்போதே ஒரு பெயர் குறைவது தெரிய வேண்டும்: டான் பெய்லர். அந்த வருடம் 31 ஹோம் ரன் அடித்த டிஎச். அந்தக் காலத்தில் நேஷனல் லீக் மைதானத்தில் டிஎச் கிடையாது என்பதால் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

எட்டாவது இன்னிங்ஸைக் கவனமாகப் பாருங்கள். பாஸ்டன் 3–2 முன்னிலை. அந்த வருடம் 24 ஆட்டம் வென்ற கிளமென்ஸை எடுத்துவிட்டு மைக் கிரீன்வெல்லை மட்டை பிடிக்க அனுப்புகிறார்கள். விரலில் கொப்புளம் என்று கிளமென்ஸே கேட்டுக்கொண்டாரா, மேனேஜர் ஜான் மெக்னமாராவின் முடிவா என்பதில் இருவரும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. அதே இன்னிங்ஸில் மூன்று பேஸும் நிரம்பி, இரண்டு அவுட். இடது கை பிட்சர் ஜெஸ்ஸி ஒரோஸ்கோ வருகிறார். எதிரில் இடது கை பக்னர், கணுக்கால் வலியோடு. வலது கை பெய்லர் பெஞ்சில். மெக்னமாரா மாற்றவில்லை. பக்னர் அடித்தது நடு ஃபீல்டில் கேட்ச் ஆனது. அடுத்த பாதியில் மெட்ஸ் சமன் செய்தார்கள்.

பத்தாவதில் ஹெண்டர்சன் ஹோம் ரன், பாக்ஸ் டபுள், பேரட் சிங்கிள். 5–3. இன்னும் மூன்று அவுட் எடுத்தால் 1918க்குப் பிறகு முதல் கோப்பை. முந்தைய ஆட்டங்களில் முன்னிலையில் இருக்கும்போது பக்னருக்குப் பதில் டேவ் ஸ்டேபிள்டனை முதல் பேஸில் நிறுத்துவது வழக்கம். இன்றைக்கு நிறுத்தவில்லை. உங்கள் தாளில் மூன்றாவது பெயர் அடிக்கப்படாமல் அப்படியே இருக்கும். முழு ஆட்டத்தையும் கூடவே எழுதி வந்தவருக்கு அந்த அடிக்கப்படாத பெயர் உறுத்தும்.

இரண்டு அவுட் விழுந்தாயிற்று, பேஸில் யாரும் இல்லை. பாஸ்டனை வாழ்த்தும் வரி மைதானத் திரையில் ஒரு கணம் வந்துபோனது. அப்புறம் கேரி கார்ட்டர் சிங்கிள், கெவின் மிட்செல் சிங்கிள், ரே நைட் சிங்கிள். 5–4. கால்வின் ஷிரால்டிக்குப் பதில் பாப் ஸ்டான்லி. வில்சன் ஃபவுல் மேல் ஃபவுலாகத் தட்டிக்கொண்டே இருக்கிறார். ஸ்டான்லி வீசிய ஒரு பந்து கேட்சரைத் தாண்டிப் போகிறது, மிட்செல் ஓடிவந்து 5–5.

கவனியுங்கள். பந்து பக்னரிடம் வருவதற்கு முன்பே ஸ்கோர் சமம். அவர் அதைப் பிடித்திருந்தால் பதினொன்றாவது இன்னிங்ஸ் வந்திருக்கும், கோப்பை வந்திருக்காது. அதற்குப் பிறகு ஏழாவது ஆட்டமும் இருந்தது. அதிலும் பாஸ்டன் 3–0 என்று முன்னிலை பெற்றுத்தான் 8–5 என்று தோற்றது. 1986இல் 102 ரன்களை உள்ளே கொண்டுவந்தவர் பக்னர். மொத்த வாழ்க்கையில் 2,715 ஹிட். 1980இல் நேஷனல் லீக்கின் பேட்டிங் பட்டம். இந்த மனிதரை ஒரு பந்தாக மட்டும் நினைவில் வைத்தார்கள்.

மறைமுகச் செலவு இதில்தான் அதிகம். நேரம் அல்ல, மனசு. ரெட் சாக்ஸ் மேல் கொஞ்சமாவது பாசம் வந்தபிறகு பார்த்தால் அன்றிரவு தூக்கம் கெடும். பாசம் வருவதற்கு முன் பார்த்தாலோ இது இன்னோர் அணியின் வெற்றியாகத்தான் தெரியும், மெட்ஸ் ரசிகராகவே மாறிவிடுவீர்கள். இரண்டுமே நஷ்டம். அதனால் முதல் ஆட்டமாக இதை யாருக்கும் நான் சொல்ல மாட்டேன். மேனேஜரின் முடிவுகளைப் பிரித்து மேய்வதில் ஆர்வம் உள்ளவர்களுக்கு, இரண்டாவதாகப் பார்க்க, இதைவிடச் சிறந்த ஆட்டம் இல்லை.

## 2004: ஐந்து மணி நேரம், பிறகு விட முடியாது

சந்தோஷமான முடிவு வேண்டும் என்பவர்கள் நேராக இங்கே வருகிறார்கள். அது புரிகிறது. ஆனால் முன்கதை இல்லாமல் இதைப் பார்த்தால் முதல் நான்கு மணி நேரம் இழுவை. பிட்சர் மாற்றங்கள், நீண்ட இடைவெளிகள், அக்டோபர் குளிரில் கைகளைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கூட்டம். அவர்கள் ஏன் அப்படி உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது தெரிய வேண்டும்.

பேப் ரூத்தை ரெட் சாக்ஸ் யாங்கீஸுக்கு விற்றது 1919 முடிவில். 2003இல் இதே தொடரின் ஏழாவது ஆட்டத்தில், பெட்ரோ மார்ட்டினெஸை மேனேஜர் கிரேடி லிட்டில் அளவுக்கு மீறி நிறுத்திவைத்து முன்னிலையை இழந்தார். பதினொன்றாவது இன்னிங்ஸில் யாங்கீஸின் ஆரோன் பூன் ஹோம் ரன். 2004 ஜூலை 31இல் ஊரே கொண்டாடிய நோமர் கார்சியபாராவை வேறு அணிக்குக் கொடுத்துவிட்டு ஆர்லாண்டோ கப்ரேராவை வாங்கினார்கள். அதே நாளில் சத்தமில்லாமல் டாட்ஜர்ஸிடமிருந்து டேவ் ராபர்ட்ஸ். தொடரில் யாங்கீஸ் 3–0. முந்தைய இரவுதான் 19–8 என்று அடி வாங்கியிருந்தார்கள். 0–3இலிருந்து மீண்டு வந்த பேஸ்பால் அணி அதுவரை ஒன்றுகூட இல்லை.

வரிசை: டேமன், கப்ரேரா, ராமிரெஸ், ஆர்ட்டிஸ், வாரிடெக், நிக்சன், மில்லார், முல்லர், பெல்ஹார்ன்.

ஒன்பதாவது இன்னிங்ஸ். யாங்கீஸ் 4–3. பந்து வீசுவது யாங்கீஸின் மரியானோ ரிவேரா. கெவின் மில்லார் நான்கு பந்தை விட்டு முதல் பேஸுக்கு நடக்கிறார். அவருக்குப் பதில் ராபர்ட்ஸ். பந்து வீசும்போதே ஓடி இரண்டாவது பேஸைத் திருடப் போகிறார் என்பது மைதானத்தில் எல்லாருக்கும் தெரியும். ரிவேரா ஒருமுறை முதல் பேஸுக்கு எறிகிறார், மறுபடி எறிகிறார், மூன்றாவது முறையும். ராபர்ட்ஸ் ஒவ்வொரு முறையும் பாய்ந்து திரும்புகிறார். பிறகு பேட்டருக்கு வீசிய முதல் பந்திலேயே கிளம்பிவிட்டார். யாங்கீஸ் கேட்சர் போசாடாவின் எறிதலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. டெரக் ஜீட்டர் கையுறையை இறக்குவதற்கு ஒரு கண் சிமிட்டல் முன்னால் ராபர்ட்ஸின் கை பேஸைத் தொட்டிருந்தது. பில் முல்லர் நடுவே அடித்தார், 4–4. ஜூலையில் இதே ரிவேராவை ஹோம் ரன் அடித்து ஆட்டத்தை முடித்தவரும் முல்லர்தான்.

ராபர்ட்ஸ் அந்தத் தொடரில் ஒருமுறைகூட மட்டை பிடிக்கவில்லை. ஓடியதோடு சரி. உங்கள் தாளில் அவர் பெயருக்கு நேரே ஒரு திருட்டும் ஒரு ரன்னும் மட்டும் இருக்கும்.

பன்னிரண்டாவதில் டேவிட் ஆர்ட்டிஸ் இரண்டு ரன் ஹோம் ரன் அடித்து முடித்தபோது உள்ளூர் நேரம் நள்ளிரவு தாண்டி 1:22. அதே தேதியின் மாலையிலேயே ஐந்தாவது ஆட்டம்: 14 இன்னிங்ஸ், 5 மணி 49 நிமிடம், முடித்தது மறுபடி ஆர்ட்டிஸ். மறைமுகச் செலவு இதுதான். நான்காவதைப் பார்த்துவிட்டு நிறுத்தவே முடியாது. இரண்டு ஆட்டம் சேர்ந்து 10 மணி 51 நிமிடம். அதற்குமேல் கர்ட் ஷில்லிங்கின் ரத்தம் கசிந்த காலுறையோடு ஆறாவது, டேமனின் நான்கு ரன் ஹோம் ரன்னோடு ஏழாவது. ஒரு நீண்ட விடுமுறை கையில் இருந்தால் மட்டும் தொடங்குங்கள். ஒரே ஒரு ராத்திரிதான் இருக்கிறது என்றால் வேண்டாம்.

## 1978 பற்றியும் கேட்கிறார்கள்

சீசன் முடிவில் யாங்கீஸும் ரெட் சாக்ஸும் சமமாக நின்றதால் வைத்த ஒற்றை ஆட்டம், யாங்கீஸின் பக்கி டென்ட் ஹோம் ரன் அடித்தது, யாங்கீஸ் 5–4. நல்ல ஆட்டம். ஆனால் 2004க்குத் தயாராவதற்கான பாடமாகத்தான் அது பயன்படும். முதல் நாலுக்குள் வைக்கலாம், முதலாவதாக வேண்டாம்.

## என் வரிசை

ஒரு ராத்திரி மட்டும் என்றால் 1975, சந்தேகமே வேண்டாம். இரண்டு ராத்திரி என்றால் 1975, ஒரு வாரம் விட்டு 1986. விடுமுறை கிடைக்கும்போது 2004ஐ நான்கு இரவாக. டுவைட் எவன்ஸ் முதல் இரண்டு தாளிலும் இருப்பார்: 1975இல் ஏழாவது பெயர், 1986இல் ஐந்தாவது. இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். 1986 பார்த்த அன்றிரவு, தூங்குவதற்கு முன் இன்னொரு சின்ன வீடியோவைப் பார்த்துவிடுங்கள். 2008 ஏப்ரல் 8, ஃபென்வேயில் சீசனின் முதல் ஆட்டம். முந்தைய வருடம் வென்ற கோப்பையைக் கொண்டாடும் நாள். இடது ஃபீல்டு பச்சைச் சுவரின் பக்கமிருந்து பில் பக்னர் தனியாக நடந்து வருகிறார். கூட்டம் எழுந்து நிற்கிறது, கைதட்டல் ஓயவில்லை, அவர் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். பிட்சர் மேட்டில் ஏறி முதல் பந்தை எறிகிறார். எதிரில் கையுறையோடு நின்று அதைப் பிடிப்பவர் டுவைட் எவன்ஸ்.